பத்து வருடம் வைத்து ஓட்ட இந்தியக் கம்பெனி கார் நல்லதா, வெளிநாட்டுக் கம்பெனி கார் நல்லதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பட்ஜெட் 12 லட்சம், இருப்பது சிறிய ஊர், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம், வாங்கினால் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். டாடா, மஹிந்திரா என்று நம்மூர் வண்டி எடுப்பதா, மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஸ்கோடா என்று வெளிநாட்டுக்காரர் பக்கம் போவதா? எது மக்கர் பண்ணாது, எது போட்ட காசுக்குத் தகும்?

எனக்குத் தேனியில் கார் ஸ்பேர்ஸ் கடை. அப்பா நடத்தியபோது அம்பாசிடர் சாமானும் ஜீப் சாமானும் மட்டும்தான் இருந்தன. இப்போது அலமாரியில் இடம் போதாமல் பம்பர்களை மாடிப்படியில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஷோரூம்காரர் வண்டியை மாலை போட்டுப் பார்க்கிறார். நான் அதே வண்டியை ஏழாவது, எட்டாவது வருடத்தில், ஒடிந்த சாமானாக, மஞ்சள் பையில் பார்க்கிறேன். நன்றாக ஓடுகிற வண்டி என் கடைப் பக்கமே வராது என்பதால் என் கணக்கில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எது நம்மூர் வண்டி என்ற சங்கதி. அப்பா தலைமுறைக்கு அம்பாசிடரைவிட இந்திய வண்டி வேறு கிடையாது. 2014 வரை கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் செய்துகொண்டிருந்த அந்த வண்டிக்கு மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மாருதி அரசுக் கம்பெனியாகப் பிறந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியே எடுத்துக் கொடுத்தார். இன்று அதில் பாதிக்கு மேல் பங்கு ஜப்பானின் சுசுகி கையில். ஹூண்டாய் கொரியாக்காரர்கள்தான், ஆனால் 1998-இல் சான்ட்ரோ வந்த நாளிலிருந்து அவர்கள் வண்டி சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து லாரி ஏறுகிறது. ஜாகுவார் 2008 முதல் டாடாவின் சொத்து. டொயோட்டா கிளான்ஸா என்று வாங்குவது முகப்பு மாற்றிய மாருதி பலேனோ.

என் சொந்த வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். பெயர் ஜப்பான், செய்தது ஹரியானா, உள்ளே துடிக்கிற 1248 சிசி இன்ஜின் இத்தாலியின் ஃபியட் டிசைன். அதே இன்ஜின் ஃபியட் புன்டோவில் மல்டிஜெட், டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட், என் வண்டியில் டிடிஐஎஸ். இதில் நான் எந்த நாட்டுக் கொடியைக் கட்டுவது?

சரி, கொடியை மறந்துவிட்டு சாமானுக்கு வருவோம். கார் மக்கர் பண்ணும் என்றால் எல்லோருக்கும் இன்ஜின்தான் ஞாபகம் வருகிறது. என் கடையில் இன்ஜினுக்காக அழுதுகொண்டு வருகிறவர்கள் குறைவு. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இந்த விலையில் விற்கிற எந்தக் கம்பெனி இன்ஜினும் லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வீல் பேரிங், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் இதெல்லாம் தேய்கிற சாமான். தேய்கிற சாமானைக் கார் கம்பெனி அல்லாத சாமான் கம்பெனிகளும் செய்யும். பிரேக்குக்குப் பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ஸ்டீயரிங் சாமானுக்கு ரானே என்று நம் சென்னைப் பெயர்களே போதும். மதுரையில் ஸ்டாக் இருந்தால் காலையில் போன் போட்டு மதியம் பஸ்ஸில் வாங்கிவிடலாம்.

ஆளை நிறுத்தி வைப்பது வேறு சாமான்கள். ஹெட்லைட், பம்பர், கண்ணாடி மோட்டார், ஏசி கண்டென்சர், சென்சர், இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான இசிஎம். இவற்றில் பெரும்பாலானதைக் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. முன்பெல்லாம் லைட் எரியவில்லையா, பல்பு மாற்றினோம். இப்போது எல்இடி. பல வண்டிகளில் ஒரு விளக்கு போனால் முழு லைட்டையும் கழற்றி எறிய வேண்டும். அந்த முழு லைட் எத்தனை நாளில் உங்கள் ஊருக்கு வரும் என்பதில்தான் நீங்கள் கேட்கிற நம்பகத்தன்மையின் முக்கால்வாசி இருக்கிறது.

கம்பெனியே ஊரைக் காலி செய்துவிட்டால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு ஷெவர்லே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறிய வண்டி, ஓட்டியவர்கள் இன்னும் ஆசையாகப் பேசுவார்கள். வண்டி நல்லதா என்பது ஒரு கேள்வி, கம்பெனி தங்குமா என்பது இன்னொரு கேள்வி. மூன்று வருடத்தில் விற்பவருக்கு முதல் கேள்வி போதும். பத்து வருடம் என்று நீங்கள் சொன்னதால் இரண்டாவதையும் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார். அப்படிக் கிளம்பிப் போன கம்பெனிகளில் ஒன்றின் வண்டி, 2013 மாடல் வைத்திருந்தார். துடைத்துத் துடைத்து வைத்திருப்பார், சீட்டில் இன்னும் அசல் வாசனை. உசிலம்பட்டி ரோட்டில் நாய் குறுக்கே வந்து இடது ஹெட்லைட் உடைந்தது. ஒரே ஒரு லைட். நான் மதுரையில் கேட்டேன், இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தெரிந்த கடைக்காரரைக் கேட்டேன், "வலது பக்கம் இருக்குண்ணே, வேணுமா?" என்றார். வலதை வைத்து என்ன செய்வது! கம்பெனி வழியில் ஆர்டர் போட்டால் வரும் என்றார்கள், தேதி மட்டும் சொல்லவில்லை. ஆறு வாரம் அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டியை எடுக்கவில்லை. மகள் வீட்டு வளைகாப்புக்குப் பஸ்ஸில் போனார்கள். கடைசியில் புதுப்பேட்டையில் உடைத்த வண்டி ஒன்றிலிருந்து ஒரு பழைய லைட் கிடைத்தது. அதிலும் மாட்டுகிற காது ஒன்று ஒடிந்திருந்தது. எம்-சீல் வைத்து, ஸ்க்ரூ போட்டு மாட்டினோம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, வாத்தியாருக்குத் தெரியும்.

உடனே "அதனால்தான் நான் நம்மூர் கம்பெனியே எடுக்கிறேன்" என்று முடிவுக்குப் போய்விடாதீர்கள். என் மச்சான் கதையையும் கேளுங்கள். அவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். வாரத்தில் மூன்று நாள் மலை ஏறி இறங்க வேண்டும். ஓர் இந்தியக் கம்பெனியின் புது எஸ்யூவி வந்ததும் முதல் ஆளாக புக் பண்ணி வாங்கினார். அடிச்சட்டம், சஸ்பென்ஷன், இன்ஜின் இழுவை எதிலும் கை வைக்க முடியாது. கல்லும் குழியுமாகக் கிடக்கும் தோட்டத்துப் பாதையில் இன்று வரை அடி தட்டவில்லை. ஆனால் முதல் வருடம் முழுக்க சின்னச் சின்ன அக்கப்போர். ஒரு நாள் டச் ஸ்கிரீன் கறுத்துவிடும். ஒரு நாள் ரிவர்ஸ் கேமரா வராது. ஒரு நாள் டயரில் காற்று சரியாக இருக்கும்போதே காற்று இல்லை என்று மஞ்சள் விளக்கு எரியும். நான்கு தடவை சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டு வந்தார். "வண்டி வாங்கினேனா, செல்போன் வாங்கினேனா மாப்ளே?" என்று என்னிடம்தான் சத்தம் போட்டார். அதே மாடலை ஒன்றரை வருடம் கழித்து அவர் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்தார். அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாத்தியாருக்குப் பத்து வருடத்தில் வந்தது ஒரே ஒரு தொல்லை, ஆனால் ஆறு வாரம் முடக்கிவிட்டது. மச்சானுக்கு ஏழெட்டுத் தொல்லை, ஒவ்வொன்றும் ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரிலேயே இருந்ததால்தான் அவர் சத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி மதுரையில் இருந்திருந்தால் அந்த வண்டி எப்போதோ ஓஎல்எக்ஸில் ஏறியிருக்கும்.

வம்சாவளி வாரியாகச் சொல்லச் சொன்னால் என் கணிப்பு இது. ஜப்பான், கொரிய வண்டிகள் என் கடைக்குக் குறைவாக வருகின்றன, வந்தாலும் சாமான் கையில் இருக்கிறது. டிராவல்ஸ்காரர்கள் இன்னோவாவைக் கட்டிக்கொண்டு அழுவது பாசத்தால் இல்லை, ஓட்டம் நிற்காது என்பதால். நம் கம்பெனிகளிடம் பழைய, அடித்துப் பழகிய மாடல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எங்கள் மலையில் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளையும் பொலிரோக்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தம் புது மாடல் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். ஐரோப்பிய வண்டிகள் ஓட்டச் சுகம், ஹைவேயில் தரையைக் கவ்விக்கொண்டு போகும். 2021-இல் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் வந்த பிறகு பெரும்பகுதி சாமானை இங்கேயே செய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் சர்வீஸ் சென்டர் உங்கள் மாவட்டத்தில் இல்லை என்றால் நான் தயங்குவேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ட்ரை டூயல் கிளட்ச் என்ற, இரண்டு கிளட்ச் போட்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவதானால் இன்னும் தயங்குவேன்.

பாதுகாப்பு விஷயத்தில் நம்மூர் கம்பெனிகளுக்கு ஒரு சலாம் போட்டே ஆக வேண்டும். வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு டாடா நெக்ஸான், 2018 டிசம்பரில். அதற்கு முன்னால் என் கடைக்கு வந்த யாரும் நட்சத்திரம் பற்றிப் பேசிக் கேட்டதில்லை, மைலேஜ் மட்டும்தான். 2024-இல் மாருதி டிசையரும் ஐந்து வாங்கியது. யார் யாரைப் பார்த்து மாறினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி காசு. வரி போடுகிறவருக்கு நாடு கணக்கில்லை, இன்ச் டேப்தான் கணக்கு. இங்கேயே செய்த கார் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. தமிழ்நாட்டு சாலை வரியில் இன்னொரு மேடு இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18. விலை 9.9 லட்சம் என்றால் வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம். சன்ரூஃப் வேண்டும் என்று 10.2 லட்சத்துக்கு ஏறினால் 1 லட்சத்து 84 ஆயிரம். சன்ரூஃபுக்கு 30 ஆயிரம், அதைத் திறந்து வானத்தைப் பார்ப்பதற்கு அரசுக்கு 55 ஆயிரம். உங்கள் 12 லட்சம் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்-ரோடு கணக்கு என்றால், விலை 10 லட்சத்தைத் தாண்டாமல் இருப்பதுதான் முதல் லாபம். இன்சூரன்ஸில் முதல் ஐந்து வருடமாவது ஜீரோ டெப், அதாவது சாமானின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி, போடுங்கள். அது இல்லையென்றால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிப் பணம்தான் வரும். ரீசேல் பற்றிக் கவலைப்படாதீர்கள், பத்து வருடம் ஓட்டிய வண்டியில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் வித்தியாசம் சுருங்கிவிடும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், சர்வீஸ் சென்டர் 30 கிலோமீட்டருக்குள் இருக்கும் கம்பெனிகளை மட்டும் தாளில் எழுதிக்கொள்வேன். சிறிய ஊரில் அந்தப் பட்டியல் தானாகவே நான்கைந்தாகச் சுருங்கும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிற ஆள் என்றால் அதில் நம்மூர் கம்பெனி ஒன்றின் இரண்டு வருடம் பழகிய மாடல். வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டி, வண்டியைப் பற்றி நினைக்கவே விரும்பாத ஆள் என்றால் மாருதி, ஹூண்டாய், டொயோட்டாவில் ஒன்று, சாதாரண மேனுவல் கியர். புக் பண்ணுவதற்கு முன் உங்கள் ஊர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் ஐந்து சாமானுக்கு விலையும், எத்தனை நாளில் வரும் என்பதும் கேளுங்கள்: ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட், ஏசி கண்டென்சர், முன் ஷாக் அப்சார்பர். ஷோரூம்காரர் சொல்லாததைக் கடைக்காரர் முகமே சொல்லிவிடும்.

வாத்தியார் போன வருடம் புது வண்டி எடுத்தார். புக் பண்ணுவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாடல் பெயரைச் சொல்லி, "ஹெட்லைட் என்ன விலை தம்பி, எத்தனை நாளில் வரும்?" என்றார். நான் போனை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தி, "இடது பக்கம்" என்றார்.