‘குத்திப் போட்டன்’ – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

நான் திருகோணமலை, பாலையூற்றைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். குற்றவியல் சட்டத்தில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கான ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 3,000 சொற்கள், ஆங்கிலம் மட்டும். பெயரை மறைத்து மதிப்பிடுவார்கள். நான் எடுத்த தலைப்பு ‘பாரதூரமான, திடீர் ஆத்திரமூட்டல்’, அதாவது பிறர் மூட்டிய திடீர்க் கோபத்தில் கொன்றால் அதைக் கொலையைவிடக் குறைந்த குற்றமாக்கும் எதிர்வாதம். போன வருடம் இதே போட்டியில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தப் போட்டிகளால் உண்மையில் பயன் உண்டா? தமிழில் சட்டம் எழுத இடமே இல்லையா? ஆங்கிலத்தைத் திருத்த செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா? வரைவை இணைத்திருக்கிறேன். இந்த மாதம் 30ஆம் திகதி கடைசி நாள். விடுமுறைக்கு ஊரில்தான் நிற்கிறேன்.

க.

அன்பின் க.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய கொப்பிகளைக் கறையானிடமிருந்து மீட்டுக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது எழுதி வைத்தவை. ஒரு கொப்பியில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் ஒரே ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கோடு போட்டிருந்தேன். அதை வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் தலைப்பைப் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் போட்டிகளைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

முதலில் சின்னச் சங்கதிகளை முடித்துவிடுகிறேன். போன வருடம் வென்ற பிள்ளையின் கட்டுரையைக் குறை சொல்ல ஒரு முழுப் பந்தி செலவழித்திருந்தீர்கள். அதை மேலே வெட்டிவிட்டேன், நன்றி சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் போட்டி விதியில் என்ன இருக்கிறதோ அப்படிச் செய்யுங்கள். ஆனால் அது இல்லாத வழக்கை இருப்பதாக எழுதித் தரும். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் அதை நம்பி, உலகத்தில் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் வாங்கினார்கள். பயன் உண்டா என்ற கேள்விக்கு, பிறகு வருகிறேன்.

வரைவை இரண்டு தடவை வாசித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆங்கிலமும் பரவாயில்லை. ஆனால் பிள்ளை, முதல் 800 சொல் எதற்கு? தண்டனைச் சட்டக்கோவையை மெக்காலே 1837இல் வரைந்தார், 1860இல் இந்தியாவில் சட்டமானது, 1883இல் நமக்கு வந்தது. மதிப்பிடுகிறவருக்கு இது தெரியாதா? அதற்குப் பிறகு வரிசையாக இங்கிலாந்து வழக்குகள். அந்த இங்கிலாந்தே இந்த எதிர்வாதத்தை 2009இல் ஒரு சட்டம் போட்டு நீக்கிவிட்டது. 2010 ஒக்ரோபரிலிருந்து அங்கே ‘கட்டுப்பாட்டை இழத்தல்’ என்று வேறொன்று இருக்கிறது. அதில் ‘திடீர்’ என்பது கட்டாயமில்லை. நம் தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் முதலாம் விதிவிலக்கு ‘திடீர்’ என்ற சொல்லோடு அப்படியே நிற்கிறது. இதல்லவா கட்டுரை! நீங்கள் அதை ஓர் அடிக்குறிப்பில்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆத்திரமூட்டலைப் பற்றி 3,000 சொல் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. யாரோ யாரையோ ஏதோ சொல்கிறார், மரணம் சம்பவிக்கிறது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் குற்றவியல் பிரிவு மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறது. அவர்களுடைய அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை, அதாவது தேடுதலையும் கைப்பற்றலையும், பற்றி மட்டும்தான் எழுதலாம். அந்தத் திருத்தம் 1791இல் சேர்த்த ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இருபது பக்கம் எழுதுகிறார்கள். நீங்கள் ஒரு சொல்லைப் பிடித்தால் போதும். சிவப்புக் கோடு போட்ட வரிக்கு வருகிறேன்.

கிழக்கில் ஒரு நீதிமன்றம். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. கொலை வழக்கு, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒரு கடற்றொழிலாளி. வலையை அறுத்தது யார் என்று தொடங்கிய வாய்த்தர்க்கம், எதிரியின் தாயைப் பற்றி மற்றவன் ஏதோ சொல்ல, கையிலிருந்த மீன் வெட்டும் கத்தியில் முடிந்தது. எதிரிக்கூண்டில் நின்று அந்த மனிதர் சொன்னார்: “அம்மாவைச் சொன்னான் ஐயா, குத்திப் போட்டன்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், ‘குத்தி, கீழே போட்டேன்’ என்று பொருள்படும்படி. தட்டச்சுக்காரர் தட்டினார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உச்சரிப்புச் சரியாக வந்ததே என்று சந்தோஷம் வேறு.

எதிரித் தரப்பில் வெற்றிலைக் காவி படிந்த பல்லோடு ஒரு கிழச் சட்டத்தரணி. அவர் மெல்ல எழுந்தார். நீதிபதியிடம் அனுமதி கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: “தம்பி, நேற்று உம்மட குடையை எங்கே விட்டீர்?” “கன்ரீனில் மறந்து போட்டன் சேர்” என்றேன். “மறந்து, பிறகு மறதியைத் தூக்கி எங்கே போட்டீர்?”

கூண்டில் நின்ற மனிதரைத் தவிர, தமிழ் தெரிந்த எல்லோரும் சிரித்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் ‘குத்திட்டேன்’ என்பதுதான் எங்கள் ‘குத்திப் போட்டன்’. பிந்திப் போட்டன், சொல்லிப் போட்டன், மறந்து போட்டன். எதையும் தூக்கிப் போடுவதில்லை. செயல் முடிந்துவிட்டது, இனித் திருப்ப முடியாது என்பதுதான் அதிலுள்ள ‘போடு’. பல நேரம் ‘ஐயோ, செய்துவிட்டேனே’ என்ற தொனியும் உண்டு. நான் அந்த ஐயோவை எடுத்துவிட்டு ஒரு தள்ளலைச் சேர்த்திருந்தேன். குத்தியது ஒரு கணம். குத்திவிட்டுக் கீழே தள்ளினால் அது இரண்டு செயல், நடுவில் யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. ‘திடீர்’ என்பது அங்கே செத்துவிடும். கொலை என்றால் 296ஆம் பிரிவு, மரண தண்டனை. 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும் தீர்ப்பு அதுதான். விதிவிலக்குக்குள் வந்தால் 297, கூடிப்போனால் இருபது வருடம். இவ்வளவும் என் நாக்கில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது.

நீதிபதி அந்த வரியை வெட்டித் திருத்திக் கையெழுத்து வைத்தார். வழக்கு முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த மனிதருக்கு என்ன தீர்ப்பு என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

அது திறந்த நீதிமன்றம், அதனால் ஒரு கிழவர் எழுந்து நின்றார். பொலிஸ் நிலையத்தில் யார் எழுந்து நிற்பார்? மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஒருவர் முறைப்பாடு சொல்ல வருகிறார். அவர் தமிழில் சொல்ல, எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுகிறார். வருடக் கணக்கில் கழிந்து வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர் மறுபடி தமிழில் சாட்சி சொல்கிறார். குறுக்கு விசாரணையில் அந்தச் சிங்களக் கூற்றை எடுத்து, தமிழாக்கி, “அன்று நீர் இப்படித்தானே சொன்னீர்?” என்று கேட்பார்கள். சொல் மாறியிருந்தால் அது முரண்பாடு, ‘வி 1’ என்று குறியிடுவார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுப்படி பொலிஸில் சொன்னதைக் கொண்டு சாட்சியைப் பலப்படுத்த முடியாது, முரண்பாடு காட்டலாம். அந்த முரண்பாடு சாட்சியின் வாயில் பிறந்ததா, எழுதியவரின் பேனாவில் பிறந்ததா? பாதி வழக்குகளில் இதை ஒருவரும் கேட்பதில்லை என்பது என் அனுபவம். சாட்சி பொய்யர் ஆகி வீட்டுக்குப் போவார்.

இதன் உச்சம் சிங்கராசா வழக்கு. படித்திருப்பீர்கள், ஆனால் சர்வதேசச் சட்டப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 2006இல் உயர் நீதிமன்றம் (தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம்) ஐ.நா. உடன்படிக்கை பற்றிச் சொன்னதை மட்டும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதன் அடியில் கிடப்பது ஒரு குற்ற ஒப்புதல் தாள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பொலிஸ் அலுவலரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் சொன்னால் செல்லும். அது தானாகச் சொன்னதல்ல என்று எதிரிதான் நிரூபிக்க வேண்டும். சிங்கராசாவுக்குச் சிங்களம் பேசவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். சிங்களத்தில் பதிவான தாளில் பெருவிரல் அடையாளம். 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. அவர் தமிழில் என்ன வினைச்சொல் சொன்னார் என்பது எந்தத் தீர்ப்பிலும் இல்லை. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை அல்ல என்றது.

உங்களுக்கு வேறு தலைப்புக் கிடைக்கவில்லையாம்! கடிதத்தின் நடுவில் அப்படி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதையும் மேலே வெட்டினேன். திருகோணமலையில் இருந்துகொண்டு குற்றவியல் சட்டத்துக்குத் தலைப்பில்லை என்கிறீர்கள். 2006 ஜனவரி 2இல் நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டதை, உடல்களில் இருந்த துப்பாக்கிக் காயங்களின் படங்கள் பொய்யாக்கின. படம் எடுத்த பத்திரிகையாளர் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் விடுவித்தது. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம், 2023இல் இன்னொன்று. உங்கள் வயதுக்காரர்கள் மாலையில் கச்சான் வாங்கிச் சாப்பிடும் இடம் அந்தக் கடற்கரை. நான் அதைப் பற்றி எழுத இன்னும் துணியவில்லை. உங்களை எழுதச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை, ஆனால் தலைப்பில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தமிழில் எழுத இடமில்லையா என்று கேட்டிருந்தீர்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி இங்கே நீதிமன்ற மொழி தமிழ். இடம் இருக்கிறது, எழுதத்தான் ஆளில்லை. போட்டிக்கு ஆங்கிலத்தில் அனுப்புங்கள். அதையே தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், இந்தத் தளத்தில் போடுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நம் ஊர் நீதிமன்றத்தில் கடைசி வரிசை வாங்கில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஊருக்குள் திரியும் மான் வாசலில் நின்றால் சாப்பாட்டுப் பார்சலை மறைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிகளைப் பார்க்க வேண்டாம். சாட்சி சொன்ன சொல்லை ஒரு பக்கத்திலும் பதிவாகும் சொல்லை மறுபக்கத்திலும் எழுதுங்கள். பிறகு மெக்காலேயைத் தூக்கிவிட்டு அந்த 800 சொல்லில் இதைப் போடுங்கள்.

வியாழன் பின்னேரம் கொப்பியோடு உவர்மலைக்கு வாருங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வரைவை அச்செடுத்துக்கொண்டு வர வேண்டும், திரையில் வாசித்தால் எனக்குக் கண் எரிகிறது. தேத்தண்ணி தருவேன். பயன் உண்டா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன் என்றேன், மறந்து போட்டன். அதையும் அன்றைக்குக் கதைப்போம்.