நாய்க்குப் படிக்கத் தெரியாது, சரி

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பத்து ஏக்கர் வாங்கிக் குடியிருக்கிறோம். நவம்பர் வந்தால் மான் வேட்டைக்காரர்களின் நாய்கள் எங்கள் இடத்துக்குள் பாய்கின்றன. பின்னாலேயே ஆட்களும் வருகிறார்கள். 'நுழையாதே' என்று பலகை வைத்திருக்கிறோமே என்றால், "நாய்க்குப் படிக்கத் தெரியாது" என்கிறார்கள். பரம்பரையாக நடக்கும் வேட்டையில் அரசு தலையிடுவது சரியா? (ஒரு வாசகி)

பதில்: நாய்க்குப் படிக்கத் தெரியாதுதான். அதை அவிழ்த்து விட்டவருக்குத் தெரியுமே!

அடுத்தவன் நெல்லில் மாட்டை இறக்கிவிட்டு, "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னங்க தெரியும்?" என்று வரப்பில் நிற்பவனும் நம் ஊரில் இதையேதான் சொல்கிறான். அந்தப் பேச்சுக்கு 1871லேயே கால்நடை அத்துமீறல் சட்டம் பதில் சொல்லிவிட்டது. பயிரில் இறங்கிய மாட்டைப் பட்டியில் அடை, மாட்டுக்காரன் தண்டம் கட்டி ஓட்டிப் போகட்டும் என்றது. தெருவில் மாட்டை விடுகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது என்னைக் 'கோமாதா விரோதி' என்று வைது கடிதங்கள் வந்தன. அன்று எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன். மாடு யாருடையதோ, மேய்ந்த பயிருக்கு அவரே பொறுப்பு. நாய்க்கும் அதே கணக்குதான்.

உங்கள் மாநிலச் சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. துரத்தல் வேறு நிலத்தில் தொடங்கியிருந்தால் போதும், தன் நாயைப் பிடிக்க வேட்டைக்காரர் உங்கள் நிலத்துக்குள் வரலாம். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வரலாம். துப்பாக்கியோ வில்லோ கையில் இருக்கக் கூடாது; உங்கள் அனுமதியில்லாமல் வண்டியை உள்ளே ஓட்டி வரக் கூடாது; நீங்கள் கேட்டால் யாரென்று சொல்ல வேண்டும், அவ்வளவே. சொல்ல மறுத்தால் அது நான்காம் வகுப்புக் குற்றம், அதிகபட்சம் 250 டாலர் அபராதம். அதே சட்டத் தொகுப்பில், நாய் எங்கே என்று உரிமையாளருக்குத் தெரியாதபடி அதன் கழுத்திலுள்ள ஜிபிஎஸ் பட்டையை நீங்கள் கழற்றினால் முதல் வகுப்புக் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். நாயின் கழுத்துப் பட்டைக்குக் கிடைத்த பாதுகாப்பு குடியிருப்பவரின் வேலிக்குக் கிடைக்கவில்லை. இது அநியாயம்.

படிக்கத் தெரியாது என்று சொல்பவரின் பிக்கப் வண்டியைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பின்தட்டில் காற்றுத் துளை போட்ட நாய்ப்பெட்டி. கூரையில் ஆன்டெனா. கையில் நாய்களின் இருப்பிடம் காட்டும் கார்மின் கருவி. திரையில் வரைபடம், அதன் மேல் ஒவ்வொரு நாயும் நகரும் ஒரு குறி. எந்த நாய் எங்கே போகிறது என்பது இருக்கையை விட்டு எழாமலே தெரிகிறது. பட்டைக்கு ஒலி அனுப்பி நாயைத் திரும்ப அழைக்கப் பழக்கவும் முடியும். இத்தனையும் வைத்துக்கொண்டு பழியை நாய் தலையில் கட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பரம்பரை என்பது பொய்யில்லை. கடற்கரைச் சமவெளியின் சதுப்பிலும் புதரிலும் மனிதன் நடந்து போய் மானைக் கண்ணால் காண்பதே கடினம். நாய் கிளப்பினால்தான் வெளியே வரும். அமெரிக்கன் ஃபாக்ஸ்ஹவுண்ட் என்ற வேட்டைநாய் இனம் 1966 முதல் வர்ஜீனியாவின் மாநில நாய். குரைப்பை வைத்தே எந்த நாய் முன்னால் ஓடுகிறது என்று சொல்லும் காதுள்ளவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காதுக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால் காடாகக் கிடந்த நிலம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று துண்டாகி வீடுகளாகிவிட்டது. துரத்தப்படும் மான் ஓடும் தூரம் மட்டும் குறையவில்லை.

டெக்சாஸ் மாநிலம் 1990இல் நாய் விட்டு மான் வேட்டையாடுவதற்கு ஒரேயடியாகத் தடை போட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஜார்ஜியா 2003இல் கொண்டுவந்த முறை மேல். நாய் விட்டு வேட்டையாடும் நிலத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த அனுமதி எண் நாயின் கழுத்திலும் வண்டியிலும் இருக்க வேண்டும். எண் இருந்தால் ஆள் அகப்படுவார். வேலியோரம் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. அதிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. சொந்த நிலமென்றால் 250 ஏக்கர் போதும், குத்தகை என்றால் 1,000 ஏக்கர் வேண்டும் என்று வைத்தார்கள். சொந்தக்காரர் நிலத்தில் நாய் நிதானமாக ஓடுமா? 1,000 ஏக்கர் என்பதே பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரம்தான். மோப்பம் பிடித்த நாய்க்கு அது பெரிய தூரமில்லை. அப்படியிருக்க 250 எப்படிப் போதும்? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் குத்தகை எடுக்கும் சாதாரண மனிதர்களை இறுக்கி, பண்ணைக்காரரைத் தளர்த்திவிட்டார்கள். பரப்பு இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே, அரசு தலையிடுவது சரியே. வேட்டையை நிறுத்த வேண்டாம், அவிழ்த்து விட்டவரைப் பொறுப்பாக்கினால் போதும். அதுவரை, வேலிக்குள் வருபவரிடம் பெயரைக் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். நாய்க்குத் தீங்கு செய்யாதீர்கள், பட்டையில் கை வைக்காதீர்கள். எழுதியதை உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள். ஜனவரியில் ரிச்மண்டில் சட்டமன்றம் கூடுகிறது.