போராட்டத்தில் சுட்ட போலீஸார் மீது வழக்கு நடப்பது ஏன் இவ்வளவு கடினம்?

தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு போலீஸ்காரர் போலீஸ் வேன் மேலே ஏறி, துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சியை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதில் 17 வயதுப் பெண்ணும் உண்டு. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சரி, அப்புறம் என்ன? ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அரசு அதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அடுத்த தடை இதைவிடப் பெரியது. கூட்டத்தைக் கலைக்க எடுத்த நடவடிக்கைக்காகப் போலீஸ் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 132, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் பிரிவு 151. எந்த அரசின் போலீஸ் சுட்டதோ, அதே அரசிடம்தான் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.