பிள்ளை சொல்லாது, நாம்தான் பார்க்கணும்: மதுரை நடுநகரப் பெற்றோரின் கேள்விகளும் என் பதில்களும்

மாநகராட்சி சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிம்மக்கல், முனிச்சாலை, தெற்குவாசல், செல்லூர் என்று சந்து சந்தாக நடந்து பார்த்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்பேட்டை அம்மா: சிஸ்டர், என் மகளுக்கு 14 வயசு. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தூங்கிவிடுகிறாள். சோம்பேறித்தனமா, நோயா?

திட்டாதீங்கம்மா. பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாம்பல், ஐஸ் கட்டி என்று கண்டதையும் வாய் தேடினால் உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். நான் பார்த்த பெண் பிள்ளைகளில் இது ரொம்பச் சாதாரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கு தொடங்கியதும் ரத்தம் வெளியே போகிறது, சாப்பாடோ பழைய அளவில்தான் இருக்கிறது. களைப்பு அதனால்தான் வருகிறது.

முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். அரசு நிலையத்தில் இலவசம். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை, ரத்தசோகை வராமல் தடுக்க. வந்துவிட்டால் தினமும் மாத்திரை வேண்டும், அதை மருத்துவர் எழுதித் தருவார். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ஆனால் டீயோடு கொடுக்காதீர்கள். டீ இரும்பை உடம்பில் சேர விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைச் சாறு இருந்தால் நன்றாகச் சேரும்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு. கறி சாப்பிடுகிற வீடு என்றால் நம் ஊர் மட்டன் கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேளுங்கள், ஈரலும் நல்லது. அப்புறம், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை அவள் விழுங்கினாளா என்று கேளுங்கள். பையில் போட்டு வந்துவிடுகிற பிள்ளைகள் நிறைய.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கும் அக்கா: விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுகிறேன். மகன் 7ஆம் வகுப்பு. காலையில் ஒரு டீயும் 5 ரூபாய் சிப்ஸும்தான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். ஆனால் அது 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளர்த்தி வேகமெடுக்கும் வயதில் கிண்ணம் காலியாகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். நீங்கள் செய்யக்கூடியது, முந்தின ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவது. காலையில் மோரும் உப்பும் சேர்த்து, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோடு அவனே சாப்பிட்டுக்கொள்வான். கூடவே ஒரு அவித்த முட்டை இருந்தால் போதும்.

தெற்குவாசல் அண்ணன்: 9ஆம் வகுப்பு படிக்கும் மகன் சட்டைப்பையில் சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. கூல் லிப் என்கிறார்கள். அடித்துவிட்டேன். இப்போது பேச மாட்டேன்கிறான்.

அண்ணே, கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடித்தால் பொட்டலம் போகாது, மறைக்கிற இடம்தான் மாறும். அது உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கிற புகையிலை. புகை இல்லை, வாசனை தெரியாது. அதனால்தான் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஒதுக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது புற்றாக மாறக்கூடும்.

விட்டால் முதல் சில நாள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை இருக்கும். அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பயந்து திரும்ப எடுப்பான். 1800-112-356 என்ற இலவச எண்ணில் நிறுத்துவதற்கு வழி சொல்வார்கள். அவனையே பேச விடுங்கள். அப்புறம் விற்ற கடை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. நாலு பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியர் வழியாகப் புகார் எழுதுங்கள்.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை: மாணவிகள் பாட்டில் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கழிவறைக்குப் போக வேண்டிவரும் என்கிறார்கள்.

டீச்சர், நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல் என்று வருகிற பெண் பிள்ளைகள் பலர் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டு இருந்தவர்கள்தான். தாழ்ப்பாள், வாளி, மக், குப்பைக்கூடை இந்த நாலும் சரியாக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வகுப்பு நடுவில் கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால் கேட்காமலே போய்வர ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

செல்லூர் அம்மா: சாக்கடைப் பக்கம் வீடு. டெங்கு அங்கிருந்துதானே வருகிறது?

டெங்குக் கொசு சாக்கடையை அவ்வளவாகத் தேடாதும்மா. நம் டிரம்மில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை உள்பக்கம் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் ஆபத்து. வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரியே ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலி மாத்திரை, ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

முனிச்சாலை, 15 வயது: ஆன்ட்டி, தெரு நாய்க்குட்டி கையில் பல் பட வைத்துவிட்டது. லேசாக ரத்தம். ஒரு வாரம் ஆச்சு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பயந்து வீட்டில் சொல்லவில்லை.

தம்பி, எழுதினாயே, ரொம்ப நல்ல காரியம். தொப்புள் ஊசியெல்லாம் அந்தக் காலம். இப்போது தோளில் போடும் சின்ன ஊசிதான். தோலுக்குள் போடும் முறையில் 4 நாள் போனால் போதும்: ஊசி தொடங்கும் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. குட்டி நாயிடமும் வெறிநோய்க் கிருமி இருக்கலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை, அதற்கு முன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். ஒரு வாரம் ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. ரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், அதை ஆஸ்பத்திரியில் கேள்.

கடித்த அன்றே ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவியிருக்க வேண்டும், மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. உன் நண்பர்களிடமும் சொல்லிவை.

இதை அம்மாவிடம் காட்டு. திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். இன்றைக்கே இரண்டு பேரும் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஊசி இலவசம். 28ஆம் நாள் ஊசியும் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. காத்திருக்கிறேன்.