அமியோடரோன் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு வறட்டு இருமல் விடவில்லை. மாத்திரைதான் காரணமா?

இருக்கலாம். இதயத்துடிப்பைச் சீராக்கும் இந்த மருந்து சிலருக்கு நுரையீரலைப் பாதிப்பதுண்டு. உங்கள் அப்பா அறுபதைத் தாண்டியவர், மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, அந்த மருந்துக்கு எதிரியும் இல்லை. தாறுமாறாக ஓடிய என் அப்பாவின் இதயத்துடிப்பை அடக்கி அவரை நடமாட வைத்தது அதே 200 மில்லிகிராம் மாத்திரைதான்.

மூன்றாவது வருடம் இருமல் வந்தது. சளியே இல்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று எங்களுக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது. ஒரு டாக்டர் நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் இதயம் பலவீனமாகி நீர் கோத்திருக்கிறது என்று நீர் மாத்திரை எழுதினார். எதற்கும் கேட்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களோ, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்றார்கள். அப்பா பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. அப்போது அவர் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு நுரையீரல் டாக்டர், "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க" என்றார். மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தோம். அமியோடரோன் அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். சிடி ஸ்கேனும் ஊதிப் பார்க்கும் சோதனையும் எழுதினார். இதய டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றி, நுரையீரல் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு ஆரம்பித்தார். நிறுத்தியதும் சரியாகிவிடவில்லை. இந்த மருந்து உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். பாதியாகக் குறையவே பெரும்பாலும் 2 மாதம்போல ஆகும். அதனால் ஸ்டீராய்டையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைத்தார்கள்.

அப்புறம் அந்த இன்ஷூரன்ஸ்காரர்கள். படுக்கையில் சேர்க்காமல் எடுத்த ஸ்கேன் என்று பணம் தரவில்லை. ஒரு வருடம்கூடத் தவறாமல் பிரீமியம் கட்டிய மனிதர்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

"நாங்களும் பத்து வருடமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்லலாம். நல்லது, பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஆவதில்லை. தினமும் 400 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆனால் 200 சாப்பிட்டவருக்கும் வந்ததை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

நாளைக்கே டாக்டரிடம் போங்கள். மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, எத்தனை வருடமாக, எத்தனை மில்லிகிராம் என்று நீங்களே சொல்லுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே இருந்தால் அதையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.