தொட்டி ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? கோகோபீட், கால்சியம் வாங்கும் முன்

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி வாங்கி, ஊறவைத்துப் பைகளில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டேன். பத்து நாள் ஆகிறது. கோகோபீட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, ஆனால் மத்தியானம் ஆனால் செடி துவண்டுவிடுகிறது. இலை ஓரம் கருகுகிறது. கடையில் கேட்டால் ‘இன்னும் தண்ணீர் விடுங்கள்’ என்கிறார்கள்.

பதில்: தண்ணீரை நிறுத்திவிட்டு ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்று நாறினால் அது அழுகல். வேர் வெள்ளையாக இருந்தும் செடி வாடினால் காரணம் பெரும்பாலும் உப்பு. கோகோபீட் எடுக்கும் தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் உப்பு இன்னும் ஏறும்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் அது நீர் விடுகிறதே, அதே விசைதான் இங்கும் வேலை செய்கிறது. இலையில் நீர் ஆவியாகும்போது கீழேயுள்ள தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் அதுவும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அதாவது இ.சி., ஒரு அலகு (dS/m) ஏறினால் செடி ஏறத்தாழ 0.36 பார் அழுத்தம் கூடுதலாகக் கொடுத்து இழுக்க வேண்டும். பை பாதி காய்ந்தால் மிச்சத் தண்ணீரில் உப்பு இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி உச்சிவெயிலில் தலை சாய்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. வேர்ச் செல்லின் சவ்வைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்தால் கால்சியத்தை அங்கிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சவ்வு பலவீனமாகிப் பொட்டாசியம் வெளியே கசியும், சோடியம் உள்ளே நுழையும், தண்ணீர் புகும் வழிகளும் சுருங்கும். உப்பைக் குறைப்பதோடு கால்சியமும் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

சோதிக்க, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு சின்ன டி.டி.எஸ். மீட்டர் போதும். ஈரமான கோகோபீட் 100 மில்லி, ஆர்.ஓ. குடிநீர் 150 மில்லி எடுத்துக் கலக்கி, அரை மணி கழித்து வடிகட்டி அளங்கள். மீட்டரில் 250 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் நல்ல சரக்கு. 500-ஐத் தாண்டினால் கழுவாமல் நடக் கூடாது. வாங்கும்போது பொட்டலத்தில் ‘கழுவியது, இ.சி. 0.5-க்குக் கீழ்’ என்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த கட்டிகளில் இந்த வரியே இருக்காது.

வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்து நிற்கும் உப்பு மட்டுமே போகும். நாரோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகாது, கால்சியம்தான் அவற்றைப் பெயர்க்கும். கட்டியை உதிர்த்து இரண்டு முறை அலசி வடித்துவிட்டு, 25 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து 12 மணி நேரம் ஊறவிடுங்கள். வடித்து ஒருமுறை அலசி, மீண்டும் அளந்து பாருங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால், நீங்கள் பிறகு கொடுக்கும் கால்சியத்தை நாரே பிடித்துக்கொள்ளும். செடிக்குப் போய்ச் சேராது.

கேள்வி: மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் அரை கிராம் உப்பு போட்டால் இ.சி. சுமார் 1 வரும். பெரும்பாலான மலிவு மீட்டர்கள் இதை 500 என்று காட்டும். சில 700 காட்டும். அவற்றின் கணக்கு வேறு. மேலே சொன்ன அளவுகள் 500 காட்டும் மீட்டருக்கானவை.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்குகிறது. முட்டை ஓடு, ஜிப்சம், கால்சியம் நைட்ரேட், ‘லிக்விட் கால்சியம்’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்க?

பதில்: முதலில் எதையும் வாங்காமல் பாசனத் தண்ணீரை அளங்கள். கால்சியம் தண்ணீரோடுதான் வேரிலிருந்து மேலே போகும், இலைக்குப் போனது காய்க்குத் திரும்பாது. உப்பால் தண்ணீர் ஏறாவிட்டால், தொட்டியில் எவ்வளவு கால்சியம் இருந்தும் காய்க்குக் கிடைக்காது. கடின நீர் வரும் போர்வெல் வீடுகளில் இதைப் பார்க்கலாம்: குழாயெல்லாம் சுண்ணாம்பு படிந்திருக்கும், காயின் அடியோ கறுத்திருக்கும்.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். காரத்தன்மையுள்ள மண்ணிலும் தண்ணீரிலும் அது கரையாது. இந்தப் பருவக் காய்க்கு உதவவே உதவாது.

ஜிப்சம் மண் கலவைக்கு நல்லது, விலையும் குறைவு. தண்ணீர் மேலே தேங்கி மெதுவாக இறங்கும் மண்ணென்றால் 15 லிட்டர் கலவைக்கு 20 கிராம் கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராமுக்கும் குறைவாகவே கரையும். அதனால் கரைத்து ஊற்றுவதைவிட மண்ணில் கலப்பதே சரி. போட்டதும் மீட்டர் அளவு கூடும், பயப்பட வேண்டாம். அது சோடியம் அல்ல.

கோகோபீட்டுக்குக் கால்சியம் நைட்ரேட். பையில் நைட்ரஜன் 15.5, நீரில் கரையும் கால்சியம் 18.8 சதவீதம் என்று இருக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை வேருக்கு. டி.ஏ.பி., எப்சம் உப்பு ஆகிய உரங்களோடு ஒரே வாளியில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். ஈரம் இழுக்கும் பொருள் என்பதால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். சதவீதம் அச்சிடாத லிக்விட் கால்சியத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். யூரியாவையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியம் கால்சியத்துக்குப் போட்டியாக நிற்கும். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவு நீரையும் சாஃப்ட்னர் தண்ணீரையும் செடிக்கு ஊற்றலாமா?

பதில்: சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி. கடினத்தன்மை லிட்டருக்கு 100 மி.கி. குறைந்தால் 46 மி.கி. சோடியம் சேரும். டி.டி.எஸ். மீட்டரில் இது தெரியாது என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். சாஃப்ட்னருக்கு முன்னால் தோட்டத்துக்கென்று தனிக் குழாய் எடுங்கள், பிளம்பர் வேலைதான்.

ஆர்.ஓ. கழிவு நீர், மூன்று லிட்டரில் ஒன்று குடிக்கவும் இரண்டு கழிவாகவும் போனால், மூல நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உப்பு. மூல நீர் மீட்டரில் 300 என்றால் தாராளமாக ஊற்றலாம். 900 என்றால் பீன்ஸ், முள்ளங்கி, மிளகாய் தாங்காது. பீட்ரூட் ஓரளவு தாங்கும். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் பையைக் காயவிடாதீர்கள். ஊற்றுவதில் ஏழில் ஒரு பங்காவது அடித்துளை வழியே வெளியே வடிய வேண்டும். வடிந்ததைத் தட்டில் தேங்கவிட்டால் அந்த உப்பு மறுபடி மேலே ஏறும்.