நினைவின்றி இறந்தால் முக்தி இல்லையா?

வணக்கம். கடைசி நான்கு நாளும் நினைவின்றிக் கிடந்த உங்கள் அம்மா இறைவன் பெயரைச் சொல்லாமலே போனதால் முக்தி கிடையாது என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது?

அவர் பிடித்துக்கொண்டிருப்பது கீதையின் 8ஆம் அத்தியாயம். கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்று 5, 6ஆம் சுலோகங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் 7ஆம் சுலோகத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ‘ஆகையால் எல்லாக் காலத்திலும் என்னை நினை’ என்கிறது அது. வாழ்நாள் பழக்கம்தான் பேச்சு, கடைசி மூச்சில் வைக்கும் பரீட்சை இல்லை.

உங்கள் கேள்வி புதிதும் இல்லை. உடல் நன்றாக இருக்கும்போது என்னை நினைத்தவன், கட்டைபோலக் கிடக்கும்போது நானே அவனை நினைக்கிறேன், மேலான கதிக்குக் கொண்டுபோகிறேன் என்று வராக அவதாரமெடுத்த திருமால் சொல்வதாக வைணவர்கள் போற்றும் வராக சரம சுலோகம் இருக்கிறது. நினைவு தப்பியவருக்காகவே சொன்னது மாதிரி இல்லையா? பெரியாழ்வாரும் இதற்குப் பயந்தவர்தான். அந்த நேரத்தில் நினைக்க முடியாமல் போகலாம் என்று அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்.

ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதிகளைக் கேட்டால் இன்னும் எளிது. முக்தி ஞானத்தால் வருவது. ஞானிக்கு உடல் எப்படி விழுந்தாலும் ஒன்றுதான்.

அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவார் என்றும் எழுதியிருந்தீர்களே, அதை அந்த உறவினரிடம் சொன்னீர்களா?